சாம்பியன் அணியைக் கட்டியவர் யார்?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் கோப்பை வென்ற அணியின் பொது மேலாளரை, அதாவது வீரர்களைச் சேர்த்து அணியை அமைப்பவரை, மேதை என்று கொண்டாடுகிறார்கள், வெல்லாதவரைப் பதவியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அவருடைய திறமையை அளக்கக் கோப்பை ஒன்றே போதுமா?

பதில்: போதாது. 30 அணிகளில் ஆண்டுக்கு ஒன்றுதான் வெல்ல முடியும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், கோப்பை கைக்கு வரும் நாளில் பதவியில் இருப்பவரே அந்த அணியைக் கட்டியவர் என்று சொல்லிவிட முடியாது என்பதாகும். மில்வாக்கி பக்ஸ் 2021-ல் வென்றபோது அதன் பொது மேலாளர் ஜான் ஹார்ஸ்ட். ஆனால் அந்த வெற்றிக்கு அச்சாணியாக இருந்த யானிஸ் அண்டெட்டோகும்போவை 2013 டிராஃப்டில் 15-ஆவது இடத்தில் எடுத்தவர் அவருக்கு முன்பு அப்பதவியில் இருந்த ஜான் ஹாமண்ட். (டிராஃப்ட் என்பது அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு; பின்தங்கிய அணிகளுக்கே பொதுவாக முன் இடங்கள் கிடைக்கும்.) டென்வர் நக்கெட்ஸ் 2023-ல் வென்றபோது, அணியின் மையத்தை உருவாக்கிய டிம் கானலி ஓராண்டுக்கு முன்பே மினசோட்டாவுக்குப் போய்விட்டிருந்தார்.

பாஸ்டன் செல்டிக்ஸின் கதை இன்னும் விரிவாகப் பார்க்கத்தக்கது. 2013-ல் அந்த அணியை நிர்வகித்த டேனி ஏஞ்ச், ஆட்டத்தின் உச்சத்தைக் கடந்துவிட்ட கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளின் அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக 2014, 2016, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் டிராஃப்டில் அந்த அணிக்குரிய முதல் சுற்றுத் தேர்வுகளையும், 2017-ல் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வாங்கினார். புரூக்ளின் பின்னர் சரிந்ததால் 2016-ல் மூன்றாவது இடம் கிடைத்தது. அதில் ஜேலன் பிரவுன் வந்தார். 2017-ல் முதலிடமே கிடைத்தது. ஏஞ்ச் அதை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு இறங்கி, இன்னொரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டு, தாம் விரும்பிய ஜேசன் டேட்டமையே எடுத்தார். ஃபிலடெல்பியா எடுத்த மார்கெல் ஃபுல்ட்ஸ் அங்கு நிலைக்கவில்லை. இவ்வளவு செய்தும், ஏஞ்ச் 2021-ல் விலகும்வரை இந்த இருவரைக் கொண்டு ஒரு கோப்பையும் வரவில்லை. அதுவரை பயிற்சியாளராக இருந்து அவருடைய இடத்துக்கு வந்த பிராட் ஸ்டீவன்ஸ், டெரிக் வைட்டைச் சேர்த்தார். 2023-ல், ரசிகர்களின் செல்லப்பிள்ளையும் முந்தைய ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருமான மார்கஸ் ஸ்மார்ட்டையே விட்டுக்கொடுத்து கிரிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸைப் பெற்றார். சில மாதங்களில் ஜூரூ ஹாலிடேயையும் கொண்டுவந்தார். 2024-ல் 64 வெற்றிகளும் கோப்பையும் கிடைத்தன.

அடித்தளம் ஏஞ்ச் போட்டது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஸ்டீவன்ஸ் செய்தது கடினமான வேலை என்றே நான் கருதுகிறேன். ஏனென்றால், தோற்றுக்கொண்டிருக்கும் அணியைக் கலைக்க யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை, அரையிறுதிவரை பழுதில்லாமல் போய்வரும் அணியில் கைவைக்கத்தான் துணிவு வேண்டும். எனவே ஒரு மேலாளரை எடைபோடும்போது, பொறுப்பேற்ற நாளில் அவர் கையில் என்ன இருந்தது என்பதை முதலில் கழித்துவிட்டு, அவர் பெற்றதையும் அதற்காக இழந்ததையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: டொராண்டோ 2019-ல் வென்றது வெறும் அதிர்ஷ்டம் என்கிறார் என் நண்பர். எதிரணியினர் காயமடையாவிட்டால் கோப்பை வந்திருக்காதாமே?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. ஃபிலடெல்பியாவுக்கு எதிரான தொடரைத் தீர்மானித்த ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் லெனர்ட் எறிந்த பந்து, வளையத்தின் மீது நான்கு முறை துள்ளிய பிறகே உள்ளே விழுந்தது. இறுதிப் போட்டியில் கோல்டன் ஸ்டேட் அணியின் கெவின் டுரான்ட்டும் கிளே தாம்ப்சனும் அடுத்தடுத்து காயமடைந்தார்கள். இவற்றில் எதுவும் அப்போது டொராண்டோவை நிர்வகித்த மசாய் உஜிரியின் கையில் இல்லை.

அவர் கையில் இருந்தது 2018 ஜூலையில் எடுத்த முடிவு. டொராண்டோ அந்த சீசனில் 59 ஆட்டங்களை வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்திருந்தது. பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்டச் சுற்றில் கிளீவ்லாண்டிடம் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் வெளியேறியது. அதே அணியிடம் தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகக் கண்ட தோல்வி அது. அந்த அணியின் எல்லை எதுவென்று அப்போதே தெரிந்துவிட்டது. உஜிரி, அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளராக விருது பெற்ற டுவெய்ன் கேசியை நீக்கினார். ஒன்பது சீசன்கள் அங்கேயே ஆடிய டிமார் டிரோசனை சான் அன்டோனியோவுக்கு அனுப்பி லெனர்டைப் பெற்றார். லெனர்ட் அதற்கு முந்தைய சீசனில் காயத்தால் ஒன்பது ஆட்டங்களில் மட்டுமே இறங்கியவர். ஓராண்டில் விலகிச் செல்லும் உரிமையும் உடையவர். ஆபத்து கண்முன்னே இருந்தது. ஆனால் கொடுத்த விலையும் தாங்கக்கூடியதாகவே இருந்தது. யாகோப் பெர்ட்டிலும் நிபந்தனையுடன் ஒரு முதல் சுற்றுத் தேர்வும் டிரோசனுடன் போயின; 27-ஆவது இடத்தில் எடுத்த பாஸ்கல் சியாகமும், டிராஃப்டில் எவரும் எடுக்காத ஃபிரெட் வான்வ்லீட்டும் அணியிலேயே தங்கினார்கள். லெனர்ட் மறு ஆண்டே கிளிப்பர்ஸுக்குப் போனார். அந்தப் பந்து உள்ளே விழாமல் வெளியே தெறித்திருந்தாலும் இதைச் சரியான முடிவு என்றே நான் எழுதியிருப்பேன்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு டாலஸில் நடந்தது. 2025 பிப்ரவரியில் அந்த அணியின் பொது மேலாளராக இருந்த நிகோ ஹாரிசன், 25 வயதான லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, ஆறு வயது மூத்தவரான ஆந்தனி டேவிஸை வாங்கினார். அடுத்த சில மாதங்களில், டிராஃப்டின் முன் இடங்களைத் தீர்மானிக்கும் குலுக்கலில், 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்தும், டாலஸுக்கு முதலிடம் விழ, கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். அந்த அதிர்ஷ்டம் அணிக்கு உதவியதே தவிர, முடிவைச் சரியாக்கவில்லை. நவம்பரில் ஹாரிசன் நீக்கப்பட்டார்.

கேள்வி: டிராஃப்டில் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதானே உண்மையான சோதனை? 41-ஆவது இடத்தில் டென்வர், பின்னாளில் நட்சத்திரமான நிகோலா யோகிச்சைக் கண்டெடுத்ததை மேதைமை என்று சொல்லக் கூடாதா?

பதில்: அதே 2014 டிராஃப்டில் டென்வர், யோகிச்சுக்கு முன்பே யூசுஃப் நுர்கிச்சையும் கேரி ஹாரிஸையும் முதல் சுற்றில் பெற்றது. நுர்கிச்சும் யோகிச் ஆடும் அதே சென்டர் இடத்தில் ஆடுபவர். யோகிச் பின்னாளில் என்ன ஆவார் என்று டென்வருக்குத் தெரிந்திருந்தால் 41 வரை காத்திருக்குமா? மற்ற எல்லா அணிகளையும் போல அதுவும் அவரைத் தாண்டித்தான் போனது. என் மதிப்பெண் அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு. இருவரும் ஒன்றாக ஆடுவது பொருந்தவில்லை என்று கண்டதும், 2017 பிப்ரவரியில் முதல் சுற்றில் எடுத்தவரையே போர்ட்லாண்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் சுற்றில் வந்தவரைச் சுற்றி அணியை அமைத்தார்கள். தாம் செலவழித்ததை நியாயப்படுத்துவதற்காகவே தவறான வீரரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் மேலாளர்கள் இத்துறையில் ஏராளம்.

ஒரு தேர்வு தவறிப்போனது என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடவும் வேண்டாம். டெட்ராய்ட்டின் ஜோ டூமார்ஸ் 2003-ல் இரண்டாவது இடத்தில் டார்கோ மிலிசிச்சை எடுத்தார்; அடுத்த மூன்று இடங்களில் போனவர்கள் கார்மெலோ ஆந்தனி, கிரிஸ் போஷ், டுவெய்ன் வேட். இன்றுவரை பேசப்படும் பிழை அது. ஆனால் அடுத்த ஆண்டே டெட்ராய்ட் சாம்பியன் ஆனது. கிரான்ட் ஹில் விலகியபோது ஈடாகப் பெற்ற பென் வாலஸ், பல அணிகளில் நிலைகொள்ளாமல் சுற்றிய சான்சி பிலப்ஸ், ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸைக் கொடுத்து வாங்கிய ரிச்சர்ட் ஹாமில்டன், 23-ஆவது இடத்தில் எடுத்த டேஷான் பிரின்ஸ், சீசனின் நடுவில் சேர்த்த ரஷீத் வாலஸ் ஆகிய ஐவரும் சேர்ந்து லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்தினார்கள். ஐவரும் வந்த வழிகள் வெவ்வேறு. டிராஃப்ட், பரிமாற்றம், ஒப்பந்தம் முடிந்தவர்களைச் சேர்ப்பது என எல்லா வழிகளிலும் குறைந்த விலைக்கு நல்ல ஆட்டக்காரரைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிப்பவரையே நான் முதலில் நம்புவேன்.

கேள்வி: தோல்வியைப் பொறுத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் காத்திருக்கலாம்?

பதில்: ஆண்டுக்கணக்கை விட, காத்திருக்கும் காலத்தில் கையிருப்பு வளர்கிறதா என்பதைப் பாருங்கள். ஓக்லஹோமா சிட்டியின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி 2019-ல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் பெற்றார். 2021-22 சீசனில் அணி வென்றது 24 ஆட்டங்கள்தாம். 2025-ல் 68 வெற்றிகளோடு கோப்பை வந்தது. கிளிப்பர்ஸ் கொடுத்த தேர்வுகளில் ஒன்றில் வந்த ஜேலன் வில்லியம்ஸ் அதில் பெரும் பங்கு வகித்தார்.

இதில் சம்பளக் கணக்கும் அடங்கியிருக்கிறது. 2025-26 சீசனில் சம்பள உச்சவரம்பு சுமார் 15.5 கோடி டாலர், அதைக் கடந்து செலவிடும் அணிகளுக்கென வைத்திருக்கும், 20.8 கோடியை ஒட்டிய இரண்டாவது எல்லையைத் தாண்டும் அணி, பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒருவருக்காகப் பரிமாறும் உரிமையைக்கூட இழந்துவிடுகிறது. டிராஃப்டின் முதல் சுற்றில் வருபவர்களின் முதல் நான்கு ஆண்டுச் சம்பளம் விதிப்படி குறைவாக இருப்பதால், ஓக்லஹோமாவின் இளைஞர்கள் மலிவாக இருந்த காலத்திலேயே கோப்பை வந்துவிட்டது. கில்ஜஸ்-அலெக்சாண்டர், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன் ஆகிய மூன்று நட்சத்திரங்களுக்கும் 2025 கோடையில் பெரும் ஒப்பந்தங்கள் கொடுக்கப்பட்டுவிட்டன. பிரெஸ்டி 2012-ல் ஜேம்ஸ் ஹார்டனை விட்டுக்கொடுத்தது இதுபோன்ற நெருக்கடியில்தான். இம்முறை என்ன செய்கிறார் என்பதைப் பார்த்த பிறகே அவரைப் பற்றி முழுமையாக எழுத முடியும்.

கேள்வி: ஆண்டின் சிறந்த நிர்வாகி விருதை நம்பலாமா?

பதில்: சக நிர்வாகிகளே வாக்களிக்கிறார்கள் என்பதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அந்த ஒரு சீசனின் முன்னேற்றத்தைப் பார்த்துத் தரப்படுகிறது. உஜிரி கோப்பை வென்ற 2019-ல் விருது போனது மில்வாக்கியின் ஹார்ஸ்டுக்கு. ஹார்ஸ்ட் கோப்பை வென்ற 2021-ல் அதைப் பெற்றவர், இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற ஃபீனிக்ஸின் ஜேம்ஸ் ஜோன்ஸ்.