கனடாவிலிருந்து வரும் ஸ்விட்ச் வீடியோ கேம் கருவி யாழ்ப்பாணத்தில் டிவியில் ஓடுமா?

"மாமா கனடாவிலிருந்து வருகிறார், நின்டெண்டோ ஸ்விட்ச் கேட்கலாமா, எங்கள் கரண்டுக்குச் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். அதன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், எங்கள் 230க்கு டிரான்ஸ்போமர் தேவையில்லை. செருகும் பின் மட்டும் வேறு, யாழ்ப்பாணக் கடைகளில் கிடைக்கும் சின்ன அடாப்டர் போதும்.

2017 மார்ச்சில் வந்த இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் டொக், அதாவது கருவியைச் செருகி வைத்து டிவியோடு இணைக்கும் தாங்கி. கணினி மூளை டொக்குக்குள் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, சிப் முழுவதும் கையில் பிடிக்கும் பகுதியில்தான். கையில் இருக்கும்போது 6.2 அங்குலத் திரையில் படத்தின் தெளிவு 720பி. டொக்கில் வைத்தால் எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவிக்கு 1080பி வரை போகும். அங்கே கரண்ட் தாராளமாகக் கிடைப்பதால் சிப் கூடிய வேகத்தில் ஓடும். வெளியே எடுத்ததும் பற்றரியை மிச்சம்பிடிக்க வேகம் குறையும். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் டொக்கிலிருந்து தூக்கி, கையில் வைத்துத் தொடரலாம்.

அப்புறம், கூட வரும் சார்ஜரைத் தொலைத்துவிடாதீர்கள். டிவியில் ஓட 15 வோல்ட் வேண்டும். சாதாரண போன் சார்ஜர் பற்றரியை மெதுவாக ஏற்றும், அவ்வளவுதான்.

ஒன்றை மாமாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்: 2019இல் வந்த ஸ்விட்ச் லைட் வேண்டாம். விலை குறைவு, ஆனால் டிவியில் இணைக்கவே முடியாது.