அரசின் நலத்திட்டங்களால் வீட்டுக்குள் பெண்ணின் கை ஓங்குகிறதா?

ஓங்குகிறது, ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் ஓங்குவதில்லை என்பதே வடசென்னையின் வியாசர்பாடியில் வளர்ந்து, இன்றும் அங்கேயே குடியிருக்கும் எனது கருத்து.

தொகையின் அளவைவிட, அது யார் கைக்கு வருகிறது என்பதே முக்கியம். 1970-களின் இறுதியில், பிரிட்டனில் பெரும்பாலும் தந்தையின் சம்பளத்தோடு சேர்ந்து வந்த குழந்தைகளுக்கான வரிச்சலுகை, தாயிடம் நேரடியாகத் தரப்படும் உதவித்தொகையாக மாறியது. அதன்பின், ஆண்களின் உடைச்செலவோடு ஒப்பிடுகையில் பெண்கள், குழந்தைகளின் உடைச்செலவு உயர்ந்ததைப் பொருளியலாளர்கள் கண்டறிந்தனர்.

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயைக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் சேர்த்தது. மகனிடம் மாத்திரைக்குக் காசு கேட்டுக் காத்திருந்த வயதான தாய்மார்கள் எங்கள் தெருவில் இப்போது தாங்களே மருந்துக் கடைக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு பெண்தான் என்பது விதி. திருமணமான இரண்டு மகன்களும் பெற்றோரும் ஒரே அட்டையில் இருக்கும் வீட்டில் பணம் பெரும்பாலும் மாமியாருக்கே போகிறது. அடுப்படியைச் சுமக்கும் மருமகள்களுக்கு எதுவுமில்லை. தனி அட்டை வேண்டும் என்று மருமகள் வாய் திறந்தால், அது தனிக்குடித்தனம் கேட்பதாகவே எடுத்துக்கொள்ளப்பட்டுச் சண்டையில் முடிகிறது.

அந்த மருமகளுக்கும் உதவும் திட்டம், 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். அதற்கு அட்டையும் வேண்டாம், விண்ணப்பமும் வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனைக்கோ தாய்வீட்டுக்கோ போக, பேருந்துக் காசுக்காகக் கணவனிடம் காரணம் சொல்லி நிற்க வேண்டிய நிலை மாறியது. ஏடிஎம் அட்டையைக் கணவன் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இந்தப் பயணத்தை அப்படிப் பறிக்க முடியாது.

வங்கிக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வு சான்று. நூறுநாள் வேலைக் கூலியைப் பெண்களின் சொந்தக் கணக்கில் செலுத்தி, அதைக் கையாளும் பயிற்சியையும் அளித்தபோதுதான் அவர்கள் வேலைக்குச் செல்வது கூடியது. எங்கள் பகுதியிலோ பலருடைய கணக்கோடு இணைந்திருப்பது கணவரின் கைபேசி எண். பணம் வந்த குறுஞ்செய்தியை முதலில் பார்ப்பவர் அவரே. ரேஷன் கடை வாசலிலேயே முகாம் போட்டு, அந்த எண்ணை மாற்றித் தந்து, பணம் எடுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். திருமணமான ஒவ்வொரு பெண்ணையும் தனிப் பயனாளியாகக் கணக்கில் எடுக்கவும் வேண்டும்.