முன்வரிசையில் ஒன்பது பெண்கள்

கேள்வி: மதுரைக் கல்லூரி ஒன்றில் 1971 முதல் 1974 வரை பி.ஏ. வரலாறு படித்தவர்கள் நாங்கள். பொன்விழா மலர் போடுகிறோம். மறைந்த தோழர்கள் 14 பேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு படம், தோற்றம், மறைவு, இரண்டு வரி. எழுதும் பொறுப்பு என்னுடையது. படிப்பைப் பாதியில் விட்டுப் பின்னாளில் இறந்த மூவரைச் சேர்க்கக் கூடாது என்கிறது சங்கம். என்ன செய்ய? பட்டியலையும் வகுப்புப் படத்தின் நகலையும் இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: முதலில் அந்த மூவர். பட்டம் வாங்கியவர்தான் முன்னாள் மாணவர் என்றால், அமெரிக்கன் கல்லூரியில் உங்களைப் போலவே வரலாறு படித்த விடுதலைப் போராட்ட வீரர், கம்யூனிஸ்ட் தலைவர் என். சங்கரய்யாவை எங்கே வைப்பது? 1941இல் இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் அவரைக் கைது செய்து சிறைக்கு அனுப்பினார்கள். பட்டம் போயிற்று. 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் தரத் தீர்மானித்தது. ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, நூறு வயதைக் கடந்த அவர் காலமானார். உங்கள் சங்கத்தின் விதிப்படி மலரிலும் அவருக்கு இடம் கிடைத்திருக்காது. இதைச் செயலாளரிடம் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் கூட உட்கார்ந்தவன் தோழன்; சான்றிதழைப் பார்த்தா பழகினீர்கள்?

அடுத்தது அந்த இரண்டு வரி. "பழகுவதற்கு இனியவர், பாசமிகு தந்தை" என்று எழுதிவிட்டு, 14 படங்களையும் இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், நீங்கள் எழுதியது மதுரைச் சுவர்களில் தினமும் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலிதான். உங்கள் ஊருக்கு மேற்கே, ஆண்டிபட்டி வட்டாரத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவை. அவற்றில் ஒன்று சொல்வது இவ்வளவே: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்". கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்த, பேடு என்ற ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல். பெயர், ஊர், நடந்தது. அடைமொழி ஒன்றுகூட இல்லை. வரலாறு படித்தவரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

இரண்டு வரி போதும், அவரவருக்கே உரிய வரிகளாக இருந்தால். அதை வீட்டாரிடம் கேட்டுப் பெற முடியாது; அவர்கள் அறிந்தவர் வேறு ஆள். விடுதியில் ஒரே அறையில் தங்கியவரிடம் கேளுங்கள், மெஸ் பாக்கி யார் கட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும். எப்படி இறந்தார் என்று எழுதுவதை மட்டும் குடும்பத்தின் விருப்பத்துக்கு விடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். அதற்காக மாரடைப்பு என்று பொய்யும் எழுத வேண்டாம்.

இறந்த செய்தியையும் ஒருமுறை சரிபாருங்கள். நான் படித்த வகுப்பின் மலரில் மேலூர்க்காரர் ஒருவருக்கு அஞ்சலி செலுத்திவிட்டார்கள். விழாவன்று அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு முதல் அவருக்குச் சந்தா நோட்டீஸ் வரவில்லை, அந்த மட்டில் லாபம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வகுப்புப் படத்தின் முன்வரிசையில் ஆசிரியர்களுக்கு இரு பக்கமும் ஒன்பது பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் பட்டியலில் உள்ள 14 பேரும் ஆண்கள். ஐம்பது ஆண்டுகளில் அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடவா இறக்கவில்லை? இறந்திருந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தோடு இனிஷியல் மாறியது, ஊர் மாறியது, சங்கத்தின் முகவரிப் புத்தகத்திலிருந்து விழுந்தார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கும் விழா அழைப்பு போயிருக்காது என்றே நினைக்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு இருந்தால், அதில் தகப்பனார் பெயரும் சொந்த ஊரும் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். மலர் இரண்டு மாதம் தாமதமானால் ஆகட்டும்.