மங்கிப்போன டிஸ்க்கும் அலாய் வீலும்: வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஆயுத பூஜை நெருங்க நெருங்க, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமிருந்து டிஸ்க், அதாவது டயர் மாட்டும் சக்கர வட்டின் பாலிஷ் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கினேனுங்க. முந்தின ஓனர் ஆசைப்பட்டுப் போட்ட அலாய் வீல் நாலும் மங்கிக் கிடக்குது. ஓரத்துல புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு வேற. மெட்டல் பாலிஷ் வாங்கித் தேய்ச்சுப் பார்த்தேன், கை வலிதான் மிச்சம். என்னங்ணா பண்றது? (தாராபுரம்)

உங்கள் வீலின் மேல் கிளியர் லாக்கர், அதாவது நிறமில்லாத காப்புப் பூச்சு இருக்கிறது. நீங்கள் தேய்த்தது அலுமினியத்தை அல்ல, அந்த லாக்கரைத்தான். கல் பட்டு எங்காவது ஒரு பொட்டு லாக்கர் உரிந்தால் போதும், ஈரம் அதன் வழியாக உள்ளே இறங்கி, லாக்கருக்கு அடியிலேயே அலுமினியத்தை அரித்துக்கொண்டு போகும். நீங்கள் சொல்லும் வெள்ளைக் கோடு அதுதான். மேலே என்ன தடவினாலும் அதற்குப் போய்ச் சேராது.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை. வெள்ளைத் துணியில் பாலிஷைத் தொட்டு, நன்றாகக் கழுவித் துடைத்த இடத்தில் தேயுங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே லாக்கரோ குரோமோ இருக்கிறது. எந்த வீலானாலும் முதல் வேலை இதுதான். இதைப் பார்க்காமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பவர்களால்தான் பாதி வீல் பாழாகிறது.

இனி வேலைக்கு வருவோம். முடிந்தால் டயரைக் கழற்றிவிடுங்கள். பெயிண்ட் ரிமூவரைத் தடவி, லாக்கர் பொங்கி எழுந்ததும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். கையுறை வேண்டும், காற்றோட்டமான இடமும் வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் அந்த நெடியோடு உட்காரக் கூடாது.

அப்புறம் உப்புத்தாள், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர். நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாகும். ஆழமான கீறல் இருந்தால் 220ஆம் நம்பரில் ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் 400 போதும். பிறகு 600, 800, 1000, 1500, 2000 என்று ஏற வேண்டும். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டால் தாள் அடைக்காது. ஒரு தாளில் குறுக்காகத் தேய்த்தால் அடுத்ததில் நெடுக்காகத் தேயுங்கள். முந்தைய தாளின் கீறல் முழுவதும் மறைந்த பிறகுதான் அடுத்த நம்பர். அவசரப்பட்டு 400இலிருந்து 1500க்குத் தாவினால் நிழலில் நன்றாகத்தான் தெரியும். வெயிலில் நிறுத்தினால் அத்தனை கோடும் எழுந்து நிற்கும்.

கடைசியில் பஃப், அதாவது மெஷினில் மாட்டிச் சுழற்றும் பாலிஷ் சக்கரம். அதில் தடவும் பாலிஷ் கட்டியைத்தான் சோப்பு என்போம். முதலில் சிசல் நார் பஃப்பில் கட்டிங் சோப்பு, பிறகு துணி பஃப்பில் ஃபினிஷிங் சோப்பு. ஒரு சோப்புக்கு வைத்த பஃப்பை இன்னொன்றுக்குத் தொடாதீர்கள். பட்டறையில் இருக்கும் 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். துணி பஃப்புக்கு அது மிக அதிகம், அலுமினியம் கருகிக் கறுத்துவிடும். வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ள மெஷினில், பஃப் மேல் அச்சடித்திருக்கும் வரம்புக்குள் ஓட்டுங்கள். இன்னொன்று: அலுமினியத் தூசி தீப்பிடிக்கும். பக்கத்தில் இரும்பு கிரைண்டிங் நடந்து பொறி பறக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

முடிந்ததும் மறுபடி லாக்கர் அடிப்பதா, அப்படியே விடுவதா? என் கட்சி, அப்படியே விட்டு மெழுகு தடவுவது. அவ்வப்போது கையால் ஒரு பாலிஷ் போட வேண்டியிருக்கும், அது உண்மைதான். ஆனால் லாக்கர் மறுபடி உரிந்தால் இந்த முழு வேலையும் முதலிலிருந்து வருமே!

சங்ககிரியிலிருந்து சிமெண்ட் லோடு ஓட்டறோம். டாரஸ் லாரிக்கு அலுமினிய டிஸ்க் போட்டோம். பாலிஷ் பண்ணி ஒரு மாசம்கூடத் தாங்கறதில்லை. கிளீனர் பையன் பாத்ரூம் ஆசிட் ஊத்தினா பளிச்சுனு ஆகும்னு சொல்றான்.

முதலில் அந்தப் பையனைத் தடுங்கள். அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் அதற்குக் காவல். அது புளிப்பையும் தாங்காது, காரத்தையும் தாங்காது. ஆசிட் ஊற்றினால் ஒரு நிமிடம் வெளுத்து அழுக்கு போனது போலத் தெரியும், காய்ந்ததும் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்திருக்கும். காஸ்டிக் சோடாவும் இதே கதைதான். பெயரில்லாத கேனில் விற்கும் சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும். தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலே உள்ளிறங்கி எலும்புவரை பாதிக்கும். அதை வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

உங்கள் டிஸ்க் மங்குவதற்குக் காரணம் லோடுதான். சிமெண்ட் நனைந்தால் கடுமையான காரம், பி.எச். 12க்கு மேல். ஈரமான சிமெண்ட் தூசி டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அரிப்புதான். ஆகவே லோடு இறக்கியதும் காய்ந்த தூசியைக் காற்றடித்து விரட்டுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் பீய்ச்சி, சாதாரண வண்டி ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். நம் பக்கத்து போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, அப்படியே காய விட்டால் அதுவே வெள்ளைப் பொட்டு வைக்கும். துணியால் துடைத்துவிடுங்கள். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த சூட்டோடு கழுவவும் வேண்டாம். பிரேக் சூட்டில் ஷாம்பு நொடியில் காய்ந்து கறையாகும்.

பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தால் பாலிஷ் கெடுமா? (ராசிபுரம்)

மெழுகு தடவிய பிறகு வையுங்கள், மறுநாள் கழுவிவிடுங்கள். வாரக்கணக்கில் விட்டால்தான் கறை பிடிக்கும்.

எங்களுது போர் போடற ரிக் வண்டி, இரும்பு டிஸ்க். எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்று) முன்னாடி துருவை எடுத்துட்டு சில்வர் அடிக்கணும். நல்லா கெட்டியா ரெண்டு மூணு கோட் அடிச்சா நிக்குமில்லீங்களா? (திருச்செங்கோடு)

டிஸ்க்கின் வெளிமுகத்தில் அடியுங்கள். ஹப்போடு (டிஸ்க்கை மாட்டும் அச்சு முனை) ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் மட்டும் கெட்டியாக அடிக்கவே கூடாது. ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கும், நட்டின் பிடி தளரும், கடைசியில் வீலே கழன்று ஓடும். பெயிண்ட் வேலை முடிந்து மாட்டிய வண்டியை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும், கைப்புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

சில்வர் அடிக்கும் முன் துருவை சாண்ட் பிளாஸ்டிங் செய்து எடுத்து, நட்டு ஓட்டைகளைச் சுற்றி வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஓட்டையிலிருந்து துருக் கோடு வழிந்திருந்தால் நட்டு லூஸாக ஓடியிருக்கிறது, அல்லது அங்கே வெடிப்பு இருக்கிறது. வெடித்த டிஸ்க்கை வெல்டிங் வைத்து ஓட்டுவது இந்தப் பக்கத்தில் சகஜம்தான், ஆனாலும் சொல்கிறேன், எடைக்குப் போடுங்கள். லாக் ரிங், அதாவது டயர் கழலாமல் பிடிக்கும் இரும்பு வளையம் உள்ள பழைய டிஸ்க்காக இருந்தால், வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்காமல் ரிங்கில் கைவைக்கக் கூடாது. ரிங்கோ அது உட்காரும் பள்ளமோ துருப்பிடித்துத் தின்றிருந்தால், பெயிண்ட் அடித்து மறைக்காமல் மாற்றிவிடுங்கள்.

குரோம் வீல் கேப் உரியுது. தேய்த்துச் சரிபண்ணலாமா? (கரூர்)

உரிந்த குரோமைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. மறுபடி பிளேட்டிங் போடுவதைவிடப் புதிது வாங்குவது பெரும்பாலும் லாபம். உரியாமல் துருப்பொட்டு மட்டும் இருந்தால், சாப்பாடு கட்டித்தரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். குரோமில் கீறல் விழாது, பொட்டு போய்விடும்.

கோவையில் ஒரு பட்டறையில் லேத்தில் பிடித்து முகத்தைச் சீவிப் புதிதுபோல் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கம்பெனியிலிருந்தே லேத்தில் சீவிய முகத்தோடு வந்த கார், பிக்கப் வீல் என்றால் கொடுக்கலாம். ஒவ்வொரு சீவலுக்கும் கொஞ்சம் உலோகம் போகும் என்பதால் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. ஏற்கெனவே சீவியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வீல் வளைந்திருந்தால் லேத்தில் ஏற்றியும் பயனில்லை. சீவிய முகத்தில் மெல்லிய வரிகள் இருக்கும், ஈரம் அதில் தங்கும். ஆகவே இங்கே மட்டும் லாக்கர் அவசியம். லாரிக்குப் போடும் ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) டிஸ்க்கை லேத்தில் கொடுக்கவே வேண்டாம். எந்த வீலானாலும், நட்டு உட்காரும் குழியையும் நடு ஓட்டையையும் தொடக் கூடாது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். “அதையும் சேர்த்தே கிளீன் பண்ணித் தர்றோம்” என்று பதில் வந்தால், வீலைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வேறு பட்டறை பாருங்கள்.