நியூ ஜெர்சியில் பந்தயம் கட்டலாமா? வாசகர் கேள்விகள்

அண்ணா, எடிசனில் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஆபீஸில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் மேட்ச்சுக்கு செல்போனிலேயே பணம் கட்டுகிறார்கள். ஐபிஎல்லுக்கும் கட்டலாமாம். நிஜமாகவே சட்டப்படி சரியா? நாளைக்கு கிரீன் கார்டுக்கு வினையாகுமா?

சட்டப்படி சரிதான் தம்பி. உங்களுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், பந்தயம் கட்டும் நேரத்தில் நியூ ஜெர்சி எல்லைக்குள் இருக்க வேண்டும், மாநில அனுமதி வாங்கிய நிறுவனமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் குற்றமில்லை.

இந்த அனுமதி சும்மா வரவில்லை. 1992-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் நெவாடா போன்ற சில மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, மற்ற மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்துக்குக் கதவைச் சாத்தியது. அதை முன்னின்று கொண்டுவந்தவர்களில் ஒருவர் நியூ ஜெர்சியின் செனட்டர் பில் பிராட்லி, அவரே ஒரு காலத்தில் பெரிய கூடைப்பந்து வீரர். அட்லாண்டிக் சிட்டியில் சூதாட்ட விடுதிகள் இருப்பதால் இந்த மாநிலத்துக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்துப் பார்த்தார்கள், அதைத் தவறவிட்டுவிட்டார்கள். அப்புறம் 2011-இல் மக்கள் வாக்கெடுப்பு, விளையாட்டு அமைப்புகள் போட்ட வழக்கு, அடுத்தடுத்துத் தோல்வி. இதற்கு நடுவில் 2014-இல் மட்டும் அட்லாண்டிக் சிட்டியில் நான்கு விடுதிகள் இழுத்து மூடப்பட்டன. கடைசியில் 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் எந்தச் சட்டம் போடலாம், போடக்கூடாது என்று மத்திய அரசு கட்டளையிட முடியாது என்று சொல்லி அந்த 1992 சட்டத்தையே தூக்கிப் போட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து மான்மத் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் அப்போதைய கவர்னர் ஃபில் மர்ஃபியே முதல் பந்தயத்தைக் கட்டினார். உலகக் கோப்பையை ஜெர்மனி ஜெயிக்கும் என்று 20 டாலர், ஐஸ் ஹாக்கியில் சொந்த ஊர் டெவில்ஸ் அணிக்கு 20 டாலர். ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. டெவில்ஸும் கோப்பையைத் தொடவில்லை.

கிரீன் கார்டு பற்றி: அதற்கு அடுத்த கட்டமான குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பார்க்கப்படும் நன்னடத்தை விதியில் சூதாட்டம் வருகிறது. ஆனால் அது சொல்வது, சட்டவிரோதச் சூதாட்டமே முக்கிய வருமானமாக இருப்பவரையும், சூதாட்டக் குற்றங்களுக்காக இரண்டு தடவையாவது தண்டிக்கப்பட்டவரையும். அனுமதியுள்ள இடத்தில் கட்டியது அதில் வராது. உங்கள் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதிகம் கவலைப்படுவது வரிக் கணக்கைப் பற்றி. ஜெயித்த பணம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வருமானம்தான், காட்டியே ஆக வேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 முதல் தோற்ற பணத்தில் 90 சதவீதத்தைத்தான் மத்திய வரியில் கழிக்க முடியும், அதுவும் செலவுகளைப் பிரித்துக் காட்டிக் கழிவு கேட்பவர்களுக்கு மட்டும். அதாவது வருடம் முழுக்க 10,000 டாலர் ஜெயித்து, 10,000 டாலர் தோற்றிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது, ஆனால் 1,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும்.

மாநில அரசே கண்காணிக்கிறது என்றால் நிறுவனங்கள் ஏமாற்ற முடியாது, நாமும் கொஞ்சம் கவனமாக ஆடினால் லாபம் பார்க்கலாம் என்கிறான் என் மகன். சரியா ஐயா? (ஒரு வாசகர், பிரின்ஸ்டன்)

முதல் பாதி ஓரளவு சரி. அட்டர்னி ஜெனரலின் கீழ் இருக்கும் சூதாட்ட அமலாக்கப் பிரிவுதான் அனுமதி கொடுக்கிறது, மென்பொருளைச் சோதிக்கிறது, புகார் வந்தால் விசாரிக்கிறது. 2018 செப்டம்பரில் மெடோலேண்ட்ஸ் குதிரைப் பந்தயத் திடலில் ஒருவர் 110 டாலர் கட்டினார். கம்ப்யூட்டர் கோளாறில் சீட்டில் 82,000 டாலருக்கு மேல் பரிசு என்று அச்சாகிவிட்டது. உண்மையில் கிடைக்க வேண்டிய லாபம் 20 டாலர்கூட இல்லை. நிறுவனம் முதலில் மறுத்தது, அமலாக்கப் பிரிவு விசாரிக்கத் தொடங்கியதும் முழுப் பணத்தையும் கொடுத்தது. தெருமுனைப் புக்கியிடம் இது நடக்குமா?

ஆனால் இரண்டாவது பாதி தப்பு. உங்கள் மகனை ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து உட்காரச் சொல்லுங்கள். சமபலமுள்ள இரண்டு அணிகள். 100 டாலர் லாபம் வேண்டுமென்றால் 110 கட்ட வேண்டும், இதுதான் வழக்கமான விலை. நான் ஒரு பக்கம் 110, நீங்கள் மறுபக்கம் 110, மொத்தம் 220. ஜெயித்தவருக்கு 210 போகும், 10 டாலர் நிறுவனத்திடம் நின்றுவிடும். நூற்றுக்கு ஐம்பது தடவை சரியாகச் சொல்லும் ஆள் இதில் நஷ்டப்படுவார். நஷ்டமில்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52-க்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும், அதை வருடக்கணக்கில் செய்யக்கூடியவர்கள் மிகச் சிலர்.

ஆப்பைத் திறந்தவுடன் பெரிதாக மின்னுவது என்னவோ அதைவிட மோசமானது. மூன்று நான்கு ஆட்டங்களைக் கோத்து, எல்லாம் பலித்தால்தான் பணம் என்று ஒரே பந்தயமாகக் கட்டுவது. மூன்று சமபல ஆட்டங்களைக் கோத்தால் நியாயப்படி 100 டாலருக்கு 800 திரும்பி வர வேண்டும், வருவது சுமார் 696. நான்கைக் கோத்தால் 1,600 வர வேண்டிய இடத்தில் சுமார் 1,328. ஒவ்வொரு கண்ணியிலும் அவர்கள் பங்கு சேர்ந்துகொண்டே போகிறது, நம் கண்ணுக்குத் தெரிவது பெரிய பரிசுத் தொகை மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்லைன் பந்தய வருமானத்தில் மாநிலம் எடுக்கும் வரி 13 சதவீதமாக இருந்தது, 2025 ஜூலை 1 முதல் 19.75 சதவீதம். நிறுவனம் எவ்வளவு சம்பாதிக்கிறதோ அவ்வளவு கஜானாவுக்கும் நல்லது. ஜெயித்த பணம் உங்கள் கைக்கு வருகிறதா என்று மாநிலம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தோற்காமல் இருப்பது அதன் வேலையில் சேர்த்தி இல்லை.

எங்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மேட்ச்சுக்குக் கட்டப் பார்த்தேன், பட்டியலிலேயே இல்லை. ஏன்? (ஒரு மாணவர், நியூ பிரன்ஸ்விக்)

நியூ ஜெர்சிக் கல்லூரி அணிகள் எங்கே ஆடினாலும் அவற்றின் மீது இங்கே கட்ட முடியாது. மற்ற மாநிலக் கல்லூரிகள் இங்கே வந்து ஆடினாலும் முடியாது. ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருக்கும் பையனை யாரும் மிரட்டவோ விலை பேசவோ கூடாது என்பதுதான் இதன் நோக்கம். 2021 நவம்பரில் இதைத் தளர்த்தலாமா என்று கேட்டார்கள், மக்கள் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அடுத்த மார்ச்சிலேயே ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி, யாரும் எதிர்பார்க்காத சின்ன அணி, கென்டக்கியைத் தோற்கடித்து தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் கடைசி எட்டு வரை போனது. நாடே பந்தயம் கட்டியது, சொந்த மாநிலத்தில் கைதட்ட மட்டும்தான் முடிந்தது. எனக்கு அந்த விதி பிடிக்கும்.

டெக்சாஸில் இருக்கும் மைத்துனர் "மாப்ளே, உன் ஆப்பில் எனக்கும் சேர்த்துப் போடு" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள். அடுத்தவருக்காகக் கட்டுவதும் கணக்கைக் கொடுப்பதும் விதிமீறல். கணக்கு முடங்கும், உள்ளே இருக்கும் பணத்துக்கும் சிக்கல் வரும். சென்னைக்கு லீவில் போகும்போதும் அந்த ஆப் வேலை செய்யாது, தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை இருக்கிறது, 2025 முதல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு இந்தியா முழுவதும் தடை.

பெயர் வேண்டாம் ஐயா. என் கணவர் இரண்டு வருடமாகக் கட்டுகிறார். வீட்டுக்கு முன்பணம் சேர்த்த கணக்கில் இப்போது ஒன்றுமில்லை. கேட்டால் "சட்டப்படிதானே ஆடுகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

அம்மா, உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். என் நண்பன் ஒருவன் வீட்டில் ஓர் இரவு தங்கியபோது இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் விளக்கு போடாமல், ஃபிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, எங்கோ ஐரோப்பாவில் யாரோ இரண்டு பேர் ஆடும் டேபிள் டென்னிஸில் பாயின்ட்டுக்குப் பாயின்ட் பணம் கட்டிக்கொண்டிருந்தான். ஆடுகிறவர்களின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நடக்கிற ஆட்டம் அது ஒன்றுதான், அதனால் அது. கை நடுங்கியது. அவனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான், சட்டப்படிதானே என்று.

அந்தச் சட்டத்திலேயே உங்களுக்கு உதவுகிற பகுதியும் இருக்கிறது. ஒருவர் ஒரு கணக்கில் போட்ட மொத்தப் பணம் 2,500 டாலரைத் தாண்டியதும் ஆப் நின்று, எச்சரிக்கையைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் மேலே விட வேண்டும் என்பது விதி. உங்கள் கணவர் அதைப் பார்க்காமலே அழுத்தியிருப்பார், என் நண்பனும் அப்படித்தான். கணக்கில் எவ்வளவு போடலாம் என்று வரம்பு வைக்கலாம், குறைந்தது 72 மணி நேரம் கணக்கை நிறுத்தி வைக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் நிலைமைக்கு இதெல்லாம் போதாது. "என்னை ஆட விடாதீர்கள்" என்று அவரே மாநிலத்திடம் எழுதிக் கொடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது, அமலாக்கப் பிரிவின் இணையதளத்திலேயே செய்யலாம். ஒரு வருடம் அல்லது ஐந்து வருடம். சேர்ந்துவிட்டால் நியூ ஜெர்சியில் அனுமதி பெற்ற எந்த ஆப்பும் அவரை உள்ளே விடக்கூடாது, நடுவில் மனசு மாறினாலும் அந்தக் காலம் முடியும்வரை பெயரை எடுக்க முடியாது. ஆற்றைக் கடந்து நியூயார்க் போனால் அங்கே ஆடலாம் என்பது இதில் இருக்கும் ஓட்டை, அங்கும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அதனால் சண்டை நடக்கும் இரவில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தோற்ற மறுநாள் காலையில், அவரே வெறுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். என் நண்பன் கையெழுத்துப் போட்டது அப்படி ஒரு திங்கட்கிழமை காலையில்தான், அவன் மனைவி பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருக்க. அதற்கு முன்பு நீங்கள் செய்யக்கூடியது: சம்பளம் வந்து விழும் கணக்கைப் பிரியுங்கள், கிரெடிட் கார்டு அறிக்கைகளை வாங்கிப் பாருங்கள், 1-800-GAMBLER (1-800-426-2537) என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். ஆடுகிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, மனைவியும் பேசலாம். எந்த நேரத்திலும் எடுப்பார்கள், காசு கிடையாது. பேசிவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.