முகத்தில் காந்தல்: வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவரின் பதில்கள்

ரோசேசியா என்னும் நாள்பட்ட முகச்சிவப்பு நோயைப் பற்றித் திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 42, மாநிறம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்றாலும், சூடாகத் தேநீர் குடித்தாலும் இரு கன்னங்களும் மூக்கும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் காந்துகின்றன. இடையிடையே சிறு பருக்களும் வருகின்றன. மருத்துவர் ரோசேசியா என்றார். அது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்று என் தம்பி சொல்கிறான். மாமியாரோ பெருவியாதியாக இருக்குமோ என்று பயப்படுகிறார். இது முற்றிலும் குணமாகுமா? (அம்பாசமுத்திரம்)

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்க வேண்டும். வெளுத்த தோலில் இந்நோய் அதிகம் காணப்படுவது உண்மைதான். ஆனால் மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் வராது என்பது தவறு. நம் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரிவதில்லை. செம்பழுப்பாகவோ வெறும் கருமையாகவோ தெரிகிறது. அதனால் நோயாளியும் கவனிப்பதில்லை, சில வேளைகளில் மருத்துவரும் முகப்பரு என்றோ மங்கு என்றோ எண்ணி விட்டுவிடுகிறார். நிறத்தை மட்டும் பார்க்காமல், முகம் எப்போது சூடாகிறது, எங்கே காந்துகிறது, சோப்புப் பட்டால் எரிகிறதா என்று கேட்டறிந்தால்தான் நம்மவரிடம் இந்நோய் பிடிபடும். முகப்பருவில் காணப்படும் கருமுனை, வெண்முனைகள் (பிளாக்ஹெட், வைட்ஹெட்) ரோசேசியாவில் இருப்பதில்லை. நீங்கள் கண்ணாடியில் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

தோலின் நரம்புகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சூட்டுக்கும் வெயிலுக்கும் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவதும், உடலின் எதிர்ப்பு மண்டலம் தேவையின்றித் தூண்டப்படுவதும் இதன் அடிப்படை. எல்லோருடைய முகத்திலும் மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் என்னும் நுண்ணிய பூச்சி, இந்நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பித்தமோ, இரத்தம் கெட்டுப்போனதோ, முகத்தைச் சரியாகக் கழுவாததோ இதற்குக் காரணம் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதை உங்கள் மாமியாரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். தொழுநோயில் பொதுவாகத் தேமலில் உணர்ச்சி குறையும். உங்களுக்கோ உணர்ச்சி அளவுக்கு மீறி இருக்கிறது. இருப்பினும் காது மடல் தடித்தாலோ, கை கால்கள் மரத்தாலோ தனியாகப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கன்னச் சிவப்போடு மூட்டு வலி, வாய்ப்புண், முடி உதிர்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் லூபஸ் என்னும் வேறொரு நோயா என்று இரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள்.

முற்றிலும் குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடக்கி வைக்கலாம்; வேரோடு அகற்ற முடியாது. பருக்களுக்கு மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய களிம்புகளில் ஒன்றும், தேவையானால் டாக்சிசைக்ளின் மாத்திரையும் தரப்படும். களிம்பின் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பத்து நாள் தடவிவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று மருத்துவரை மாற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் வீண் செலவு. டாக்சிசைக்ளினை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கிய உடனே படுக்கக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து உண்ணக் கூடாது. தோலில் நிலைத்துவிட்ட மெல்லிய இரத்தக் குழாய்க் கோடுகளுக்கு மருந்து பயன்படாது, லேசர்தான் வழி. நம் நிறத்துக்கு ஏற்ற கருவியும் அனுபவமும் உள்ள இடத்தில் மட்டுமே அதைச் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சூடுபட்ட கருந்தழும்பு மிஞ்சும்.

காலை வழிபாட்டில் மரநிழல் பக்கமாக நிற்க அனுமதி தரும்படி தலைமையாசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பு முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கித் தடவினேன். முதல் மாதம் முகம் பளபளவென்று இருந்ததைப் பார்த்து என் மைனியும் வாங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஒரு நாள் விட்டாலும் முகம் சிவந்து, வீங்கி, எரிகிறது. மீண்டும் தடவினால் அடங்குகிறது. வயது 27. (மேலப்பாளையம்)

பதில்: இந்த வட்டாரத்தில் ரோசேசியா போன்ற முகத்துடன் வருபவர்களில் பலருடைய கதை இதுவே என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். நீங்கள் தடவியதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டியூபை எடுத்து, கீழ்ப்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், புளுவோசினோலோன் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். மங்குக்காக மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மூன்று மருந்துக் கலவையிலும் இது உண்டு. அந்தப் பழைய சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் ஆண்டுக்கணக்கில் வாங்குவதால் வருவதே இந்தத் தொல்லை.

ஸ்டீராய்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் முகம் வெளுத்ததுபோல் தெரிகிறது. நாளடைவில் தோல் மெலிகிறது. மருந்தை நிறுத்தியதும் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிவதால் சிவப்பும் எரிச்சலும் முன்னிலும் அதிகமாக வருகின்றன. அதைப் பொறுக்காமல் மீண்டும் தடவ, அடங்குகிறது. அடங்குவதால் அதுவே மருந்து என்று தோன்றுகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவதுதான் உங்களுக்கு வேண்டிய சிகிச்சை. முதல் சில வாரங்கள் கடினமாக இருக்கும். முகம் பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஒரேயடியாக நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவதா என்பதைத் தோல் மருத்துவர் முடிவு செய்வார். தனியார் மருத்துவரிடம் செல்ல வசதி இல்லாவிட்டால், ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். மைனியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அதுவரை சோப்பை விட்டுவிட்டு, வாசனை சேர்க்காத மென்மையான திரவத்தால் சாதாரணத் தண்ணீரில் முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, வாசனையற்ற ஈரப்பதக் களிம்பைப் பூசுங்கள். எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு, பற்பசை, ஆவி பிடித்தல், பார்லரில் பிளீச்சிங் எதுவும் வேண்டாம். "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று சொல்பவருடைய தோல் நல்ல தோல். உங்களுடையது இப்போது புண்பட்ட தோல்.

2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு, தோலில் தடவும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை என்று அட்டவணை எச்-இல் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடை அண்ணாச்சியிடம் "வெளுக்க ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்கும் வழக்கமும் இருக்கிறது.

கேள்வி: இனிப்புக் கடையில் சரக்கு மாஸ்டராக வேலை பார்க்கிறேன், வயது 51. அல்வாக் கிண்டும் அடுப்புக்கு எதிரேதான் பாதி நாள் போகிறது. மூக்கு சிவந்து, துளைகள் பெரிதாகி, தடித்து வருகிறது. நான் குடிப்பவன் அல்லன்; ஆனால் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் மூக்கைப் பார்த்துவிட்டு வெளியே விசாரித்திருக்கிறார்கள். வேலையை விட முடியாது. (பாளையங்கோட்டை)

பதில்: மது முகத்தைச் சிவக்க வைக்கும், ஆனால் மூக்கு தடிப்பதற்கு அதுவே காரணம் என்று கொள்வது பழைய தவறு. ஒரு துளியும் தொடாத ஆண்களுக்கும் இது வருகிறது. ரோசேசியாவின் ஒரு வடிவமே இது; மூக்கின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, தோலின் இணைப்புத் திசு தடிப்பதே இதன் தன்மை. சம்பந்தி வீட்டாருக்குப் புரியவைக்க வேண்டுமானால் மருத்துவரின் சீட்டே போதும்.

தடிப்பு தொடக்க நிலையில் இருக்கும்போது குறைந்த அளவு ஐசோட்ரெடினாயின் மாத்திரையால் ஓரளவு கட்டுப்படுத்தலாம். கல்லீரல், கொழுப்புப் பரிசோதனைகளோடு மருத்துவர் கண்காணிப்பில் உண்ண வேண்டிய மருந்து அது. நன்றாகத் தடித்த பிறகு மாத்திரையால் கரையாது. கார்பன் டை ஆக்சைடு லேசராலோ அறுவை சிகிச்சையாலோ மிகுந்த பகுதியைச் செதுக்கி எடுப்பார்கள். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மூக்கில் ஓரிடம் மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, ஆறாத புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ உடனே காட்ட வேண்டும். அது வேறாக இருக்கக்கூடும்.

வேலையை விட வேண்டியதில்லை. அடுப்புக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது. கோதுமைப் பால் இறுகி நெய் பிரியும் நேரத்தில் சட்டிக்கு மேல் குனிந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். நீளமான காம்புள்ள துடுப்பை வாங்கிக்கொண்டு, ஓர் அடி பின்னால் நின்று கிண்டுங்கள். அடுப்புச் சூட்டை வெளியேற்றும் விசிறி இல்லாவிட்டால் முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கும் அது நல்லது. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வது, ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது, அரைமணிக்கு ஒருமுறை உதவியாளரிடம் துடுப்பைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பது ஆகியவை எளியவை. ஐஸை முகத்தில் நேரடியாகத் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: காபி, குழம்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். பத்தியச் சாப்பாடுதான் இனிமேலா? (சங்கரன்கோவில்)

பதில்: அப்படி ஒரு பொதுப் பத்தியம் கிடையாது. ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஒரு குறிப்பேட்டில் முகம் காந்திய நேரத்தையும், அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் உண்டது, வெயில், மனக்கலக்கம் ஆகியவற்றையும் ஒரு மாதம் எழுதி வாருங்கள். மீண்டும் மீண்டும் வரும் ஒன்றிரண்டை மட்டும் விலக்கினால் போதும். காபியில் குற்றம் பெரும்பாலும் சூட்டுக்குத்தான். அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியான ஆய்வில், காபி அதிகம் குடித்தவர்களிடம் ரோசேசியா குறைவாகவே காணப்பட்டது. ஆகவே காபியை ஆற்றிக் குடியுங்கள். ஆவி பறக்கும் சுக்குக் கருப்பட்டிக் காபியில் சூடும் உறைப்பும் ஒன்றுசேர்வதால் அதைச் சற்று யோசித்துத்தான் குடிக்க வேண்டும். சொதி உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். கூட வைக்கும் இஞ்சிப் பச்சடியைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சீசனில் குற்றாலத்தில் குளிக்கலாமா? (தென்காசி)

பதில்: குளிக்கலாம். அருவி நேராக முகத்தில் விழாமல் முதுகைக் கொடுத்து நில்லுங்கள். எண்ணெய் தேய்ப்பவர் முகத்தையும் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். சாரல் காற்று முகத்தை உலர்த்தும் என்பதால் துவட்டியதும் ஈரப்பதக் களிம்பு பூசுங்கள். உண்மையில் அருவியைவிட, குளித்த பசியில் செங்கோட்டைப் பக்கம் போய்ச் சாப்பிடும் பரோட்டாவும் மிளகு தூக்கலான கோழியும்தான் என் நோயாளிகளைத் திங்கட்கிழமை என்னிடம் அனுப்பி வைக்கின்றன.

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பிணி. களிம்பைத் தொடரலாமா? (கடையம்)

பதில்: டாக்சிசைக்ளினும் ஐசோட்ரெடினாயினும் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது. அசெலாயிக் அமிலக் களிம்பைப் பொதுவாகப் பயன்படுத்தலாம். நீங்கள் தடவுவது எது என்பதை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: முகத்தில் எரிச்சல் குறைந்துவிட்டது, ஆனால் கண்களில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது. எங்கள் ஊர்க் காற்றினால் இருக்குமா? (ராதாபுரம்)

பதில்: காற்றாலை சுழலும் ஊரில் காற்றின் மேல் பழி போவது இயல்பு, அதற்கும் பங்கு உண்டு. ஆனால் ரோசேசியா கண்ணையும் பாதிக்கும். சிலருக்கு முகத்துக்கு முன்பே கண்ணில் தொடங்கும். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுவதால் கண்ணீர் விரைவில் உலர்கிறது. இமைக் கட்டிகளும் அடிக்கடி வரும். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் ஐந்து நிமிடம் வைத்து, பிறகு இமை ஓரத்தை மெல்லத் துடைத்து விடுங்கள். காலையும் இரவும் செய்ய வேண்டும். பைக்கில் போகும்போது கண்ணாடி அணியுங்கள். கண்ணில் வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கருவிழியில் புண் ஏற்பட்டால் பார்வையே கெடக்கூடும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து வேண்டாம்; அவற்றில் சிலவற்றிலும் ஸ்டீராய்டு உண்டு.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர்வடம் பிடிப்பேன். இந்த ஆண்டு வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்? (திருநெல்வேலி டவுன்)

பதில்: வடத்தைப் பிடித்துக்கொண்டு குடை பிடிக்க முடியாது, ஆகவே வெயிலிலிருந்து தோலைக் காக்கும் சன்ஸ்கிரீன்தான் துணை. அதன் காப்பளவைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையாத, துத்தநாக ஆக்சைடு அடங்கியதாகப் பாருங்கள். வெள்ளைப் பூச்சாகத் தெரிகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; தோல் நிறம் கலந்தவையும் கிடைக்கின்றன, கருமை படியாமல் காப்பதற்கு அவையே மேல். புதிய டியூபை முதல் சில நாள் கழுத்தோரத்தில் தடவிப் பார்த்து, எரியாவிட்டால் முகத்துக்குக் கொண்டுவாருங்கள். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கி எடுக்கும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். புறப்படுவதற்குக் கால்மணி முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வியர்வையை ஒற்றிவிட்டு மீண்டும் பூச வேண்டும். காலையில் தேர் நிலையிலிருந்து புறப்படும்போது வடம் பிடியுங்கள். வெயில் ஏறியதும் ரதவீதியில் நிழல் விழும் பக்கத்துக்கு ஒதுங்கிவிடுங்கள். மாட வீட்டுத் திண்ணையில் யாராவது மோர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பானகத்தில் சுக்கு தூக்கலாக இருந்தால் அதை மட்டும் விட்டுவிடலாம்.