149 வந்தால் முதலில் மூடியைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் பிறந்து, கொழும்பில் இரசாயனவியல் படித்து, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து, மசகு எண்ணெயோடும் (நிலத்தடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய்) திணிவு நிறமாலைமானியோடும் 26 வருடம் காலம் தள்ளியவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மிஸ், திணிவு நிறமாலைமானி ஒரு தராசு மாதிரியா? (உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி)

தராசுதான் தங்கச்சி, ஆனால் மூலக்கூறை அப்படியே தூக்கி வைத்து நிறுக்காது. மின்னேற்றம் கொடுத்து அயனாக்கி, வெற்றிடத்தில் ஓடவிட்டு, திணிவுக்கும் ஏற்றத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும். காபனோரொட்சைட்டு, நைதரசன் இரண்டுக்கும் 28 என்று படித்திருப்பீர். நுணுக்கமாக அளந்தால் ஒன்று 27.995, மற்றது 28.006. அந்தத் தசமத்தில்தான் எங்கள் சோறு.

மசகு எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பார்த்தால் போதாதா? (பல்கலைக்கழக மாணவன்)

சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் அன்றாடம் பார்க்கும் வேலைக்குப் பெரும்பாலும் அது போதும். கொதிநிலை, அடர்த்தி, மொத்தக் கந்தகம் எல்லாம் சாதாரணச் சோதனைகள். ஆனால் கனமான எண்ணெயில் பல்லாயிரம் சேர்வைகள். மூன்று காபன் அணுக்கள் சேர்ந்தால் 36.0000, ஒரு கந்தகமும் நான்கு ஐதரசனும் சேர்ந்தால் 36.0034. இந்த 0.0034ஐப் பிரித்தறியாவிட்டால், தாக்கங்களை விரைவாக்கும் ஊக்கியைக் கெடுக்கும் கந்தகச் சேர்வையையும் சாதுவான ஐதரோகாபனையும் ஒன்றென்று நினைத்துவிடுவோம். அதைப் பிரிக்கும் கருவிக்கு 1974இல் வழி காட்டியவர்கள் கொமிசாரோ, அலன் மார்ஷல் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள். மார்ஷல் பிறகு புளோரிடாவில் பெரிய மீகடத்திக் காந்தங்களை வைத்து எண்ணெயையே துருவினார். அந்த வகைக் கருவியை நான் தொட்டது வெளிநாட்டில்தான். அந்தக் காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஈலியத்துக்கு ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும்.

கடலில் மிதக்கும் எண்ணெய் எந்தக் கப்பலுடையது என்று சொல்லலாமா அக்கா? (நீர்கொழும்பு வாசகர்)

சந்தேகப்படும் கப்பலிலிருந்தும் ஒரு மாதிரி கிடைத்தால் சொல்லலாம். 2020 செப்டெம்பரில் குவைத்திலிருந்து சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் போன நியூ டயமண்ட் கப்பல் எங்கள் கிழக்குக் கரைக்கு அப்பால் எரிந்தபோது எல்லாரும் இதையே கேட்டார்கள். நல்ல காலம், அந்தச் சரக்கு கடலில் கொட்டவில்லை.

வெயிலும் அலையும் இலேசான சேர்வைகளை முதலில் கொண்டுபோய்விடும். நேர்ச்சங்கிலி அல்கேன்களை நுண்ணுயிர்கள் தின்னும். கடைசிவரை கிடப்பவை ஹோப்பேன், ஸ்டெரேன் போன்ற வளையச் சேர்வைகள். ஹோப்பேன் பழங்கால பக்டீரியாக்களின் கலச்சுவரை அடுத்த மென்சவ்விலிருந்து மிஞ்சியது, கருவி வரையும் நிறமாலையில் 191 என்ற திணிவு எண்ணில் உச்சியாகத் தெரியும். ஸ்டெரேனை 217இல் தேடுவோம். இரண்டு மாதிரிகளிலும் உச்சிகளின் விகிதங்கள் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். கைரேகை மாதிரித்தான்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிடிபடுமா? (முச்சக்கர வண்டி ஓட்டுநர், தெமட்டகொட)

பிடிபடும் அண்ணா. பெற்றோலில் ஒரு மூலக்கூறிலுள்ள காபன் எண்ணிக்கை ஏறத்தாழ 4 முதல் 12 வரை, மண்ணெண்ணெயில் 16 வரை நீளும். சேர்வைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பில் 12க்கு அப்பால் வால் நீண்டால் சந்தேகம்தான். மணந்து பார்த்துக் கண்டுபிடிப்பேன் என்பவரை நம்ப வேண்டாம்.

உங்கள் பெரிய தவறு எது?

முதல் வருடம் 149இல் ஒரு பெரிய உச்சி வந்தது. புதிய சேர்வை என்று நினைத்து மூன்று வாரம் நூலகத்தில் தேடினேன். மேற்பார்வையாளர் மாதிரி இருந்த போத்தலைக் கையில் எடுத்து, "மூடி எதனால் செய்தது?" என்று மட்டும் கேட்டார். பிளாஸ்டிக்கை மென்மையாக்கப் போடும் தலேற்று மூடியிலிருந்து கரைந்து வந்திருந்தது. அந்தப் போத்தலை இன்றும் மேசையில் பேனாத் தாங்கியாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், கருவியில் எங்காவது காற்றுக் கசிந்தால் 28 (நைதரசன்), 32 (ஒட்சிசன்) இரண்டும் ஏறும். பொருத்துகளில் ஒவ்வொன்றாக ஆர்கன் வாயுவை ஊதிப் பாருங்கள். எந்த இடத்தில் ஆர்கனின் 40 துள்ளுகிறதோ, ஓட்டை அங்கே.

மகள் இந்தத் துறைக்கு வந்தால் வேலை கிடைக்குமா? (ஒரு தாய்)

பெற்றோலியம் மட்டும் என்றால் கதவு சிறியது. ஆனால் இதே கருவியில்தான் தேயிலையில் பூச்சிகொல்லி எச்சமும், மருந்தும், குடிநீரும் பார்க்கிறார்கள். ஒன்று சொல்கிறேன் அம்மா, பிள்ளைக்கு ஸ்பனர் பிடிக்கவும் பழக்கிவிடுங்கள். பம்ப் பழுதாவது எப்போதும் வெள்ளி பின்னேரம்தான்.